பழங்களைத் தேர்ந்தெடுத்தலும் சேமித்தலும் (விருதுநகர் மாவட்டம்)

பழங்களைத் தேர்ந்தெடுத்தலும் சேமித்தலும் என்பது, கடையில் கிடைக்கும் பழங்களுள் சத்து மிக்கவற்றையும் முறையாகப் பழுத்தவற்றையும் அறிந்து வாங்கி, கெடாமல் வைத்து உண்பதைக் குறிக்கும். தமிழகத்தின் தென்பகுதியில் உள்ள விருதுநகர் மாவட்டத்தில் கோடை வெப்பம் 38 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம் என்பதால், இங்கு பழங்கள் விரைவில் கெடுகின்றன.

மாவட்டத்தில் விளையும் பழங்கள்

1985 ஆம் ஆண்டு இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட இம்மாவட்டம் இருவேறு நில அமைப்புகளைக் கொண்டது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரங்களில் மாந்தோப்புகள் உள்ளன. இராஜபாளையத்தின் சப்பட்டை மாம்பழம் பெயர் பெற்றது. சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை அடங்கிய பகுதி வானம் பார்த்த நிலமாகும். இத்தகைய வறண்ட நிலத்திற்கு நெல்லி, சீத்தா, இலந்தை போன்றவை ஏற்றவை. அருப்புக்கோட்டையில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏபிகே 1 என்னும் சீத்தா வகை வெளியிடப்பட்டது.

சத்தும் விலையும்

பழத்தின் விலைக்கும் அதன் சத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. 100 கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லி கிராம் உயிர்ச்சத்து சி உள்ளது. ஆரஞ்சில் இது 50 மில்லி கிராம் அளவிலும், ஆப்பிளில் 5 மில்லி கிராம் அளவிலும் இருக்கும். நெல்லியில் கொய்யாவினும் மிகுதி. பப்பாளியும் மாம்பழமும் உயிர்ச்சத்து ஏ-யாக மாறும் கரோட்டின் மிக்கவை. 2024 இல் வெளியான இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்கள் நாளொன்றுக்கு 100 கிராம் பழம் உண்ணப் பரிந்துரைக்கின்றன. நடுத்தர அளவுள்ள ஒரு கொய்யா இதற்குப் போதுமானது.

தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க உயிர்ச்சத்து சி உதவுகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களில் பெண்கள் பெருமளவில் பணிபுரியும் இவ்வட்டாரத்தில், மதிய உணவுடன் ஒரு கொய்யாவோ நெல்லியோ சேர்த்துக்கொள்வது குறைந்த செலவில் பயன் தருவதாகும். வேதிப்பொருட்களைக் கையாள்வோர் உண்ணும் முன் சோப்பிட்டுக் கை கழுவுதல் இன்றியமையாதது.

பழுக்கும் முறை

மா, வாழை, பப்பாளி, சப்போட்டா, சீத்தா ஆகியவை பறித்த பின்னும் பழுக்கும். இவை வெளிவிடும் எத்திலீன் வாயுவே பழுத்தலைத் தூண்டுகிறது. முற்றிய காய்களை அரிசிப் பானையிலோ வைக்கோலிலோ வைக்கும்போது இவ்வாயு வெளியேறாமல் தங்குவதால் அவை விரைவில் பழுக்கின்றன. திராட்சை, மாதுளை, ஆரஞ்சு, அன்னாசி ஆகியவை பறித்த பின் இனிப்பு ஏறுவதில்லை. எனவே இவற்றைப் பழுத்த நிலையிலேயே வாங்குதல் வேண்டும்.

கார்பைடு கல்

வணிகர் சிலர் மாங்காய்களை விரைவில் பழுக்க வைக்கக் கால்சியம் கார்பைடு கல்லைப் பயன்படுத்துகின்றனர். இது ஈரத்துடன் சேர்ந்து அசிட்டிலீன் வாயுவை வெளியிடும். தொழிற்சாலைப் பயன்பாட்டிற்கான கார்பைடில் ஆர்செனிக், பாசுபரசு மாசுகள் இருக்கக்கூடும் என்பதே முதன்மையான கேடு. 2011 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் இதனைத் தடை செய்கின்றன. மாறாக, 100 பிபிஎம் அளவு வரை எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த 2016 இல் அனுமதி அளிக்கப்பட்டது.

தோல் முழுவதும் ஒரே சீரான மஞ்சளாக இருந்து, மணமின்றி, உள்ளே சதை வெளிறிப் புளிப்பாக இருந்தால் ஐயம் கொள்ளலாம். எனினும் இவ்வறிகுறிகள் பிஞ்சிலேயே பறித்த காய்களிலும் காணப்படும் என்பதால் ஆய்வகச் சோதனையே உறுதியானது. முற்றிய மாங்காயில் காம்பின் இருபுறமும் தோள் உயர்ந்து காணப்படும். பழுத்ததும் காம்படியில் மணம் வீசும். பழத்தை ஓடும் நீரில் நன்கு கழுவித் தோல் நீக்கி உண்பது நல்லது.

சேமித்தல்

* பழுக்காத மாங்காயையும் வாழைக்காயையும் குளிர்பதனப் பெட்டியில் வைத்தல் கூடாது. 13 பாகைக்குக் கீழ் வாழை குளிர்ச்சியால் கெட்டு, பின்னர் சரிவரப் பழுப்பதில்லை.
* திராட்சை, மாதுளை, நெல்லி, பழுத்த கொய்யா ஆகியவற்றை உடனே குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம்.
* திராட்சையை உண்ணும் முன் கழுவினால் போதும். ஈரத்துடன் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.
* ஆப்பிளும் பழுத்த வாழையும் எத்திலீன் வெளியிடுவதால் கீரையுடன் சேர்த்து வைத்தல் ஆகாது.
* நறுக்கிய பழத்தை வெளியில் 2 மணி நேரத்திற்கு மேல் வைத்தல் கூடாது. கடுங்கோடையில் 1 மணி நேரமே ஏற்றது.

குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில், இரட்டைச் செங்கல் சுவரின் இடையே மணல் நிரப்பி நீர் தெளித்து அமைக்கும் குளிர் அறை உதவும். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய இம்முறைக்கு மின்சாரம் தேவையில்லை. நீர் ஆவியாதலால் குளிர்ச்சி உண்டாவதால், காற்றில் ஈரம் குறைந்த இம்மாவட்டத்திற்கு இது ஏற்றதாகும்.