முள் காட்டும் அழுத்தம்

மோட்டார் ஓட்டுவோர் சிலர் தம் வண்டியின் முகப்புப் பலகையில் சிறியதொரு வட்டக் கருவியைப் புதிதாகப் பொருத்திக்கொள்கிறார்கள். கடைவீதியில் அதற்குப் ‘பூஸ்ட் மீட்டர்’ என்று பெயர். டர்போசார்ஜர் பூண்ட எஞ்சினுக்குள் காற்று எவ்வளவு அழுத்தத்துடன் புகுகிறது என்பதை அதன் முள் சொல்லும். அதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவாரும் உளர். அதன் பூர்வ சரித்திரத்தை நோக்கினால் அவ்வாறு சொல்ல நமக்கு மனம் வருவதில்லை.

காற்றின் அழுத்தத்தைப் பாதரசக் குழாயில் அளக்கலாமென்று இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் காட்டினார். 1648ஆம் ஆண்டில், பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞரின் வேண்டுகோளின்படி, அவருடைய தமக்கையின் கணவர் அத்தகைய குழாயுடன் பூய் தெ டோம் என்ற மலைமீது ஏறினார். உச்சியில் பாதரசம் ஏறக்குறைய மூன்று அங்குலம் தாழ்ந்து நின்றது. உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறையும் என்பது அன்று உறுதிப்பட்டது.

பின்னர் நீராவி யுகம் வந்தது. கொதிகலனுள் அழுத்தம் மிகுந்தால் கலம் வெடிக்கும். அருகில் நிற்பவர் மாள்வர். அழுத்தத்தை அளக்கவோ பாதரசத் தம்பமே துணை. வளிமண்டலத்தைப் போல் பத்து மடங்கு அழுத்தத்தை அளக்க ஏழு மீட்டருக்கு மேல் உயர்ந்த தம்பம் வேண்டும். ஓடும் ரயில் எஞ்சினில் அதை எங்கே நிறுத்துவது?

இச்சங்கடத்தைத் தீர்த்தவர் பாரிஸ் நகரத்து எஞ்சினியர் யூஜீன் பூர்டோன். சுருள் குழாய் ஒன்று ஒருபுறம் நசுங்கிவிட, அதைச் சரிசெய்ய ஒரு முனையை அடைத்து உள்ளே நீரை அழுத்திச் செலுத்தினாராம். குழாய் உருண்டதோடு நில்லாமல் சுருள் அவிழத் தொடங்கியதாம். கதை எவ்வாறாயினும் தத்துவம் மெய்யானது. தட்டையான குழாயை வில்போல் வளைத்து ஒரு முனையை மூடிவிட்டால், உள்ளே அழுத்தம் ஏறும்போது வளைவு சற்றே நிமிரும். மூடிய முனையின் அந்த அற்ப அசைவைப் பற்சக்கரங்கள் பெரிதாக்கி முள்ளைச் சுழற்றும். 1849இல் அவர் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரில் ஷேஃபர் என்பவரும் மெல்லிய உலோகத் தகட்டின் அசைவைக் கொண்டு வேறொரு மானியை அமைத்தார். குழாயால் இணைக்கும் பூஸ்ட் மீட்டர்கள் பலவற்றினுள் இன்றும் இருப்பது பூர்டோனின் அந்த வளைந்த குழாய்தான்.

எஞ்சின் வெளியேற்றும் புகையின் விசையாலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதனால் காற்றை அழுத்தி எஞ்சினுக்கு ஊட்டலாம் என்று 1905இல் காப்புரிமை பெற்றவர் ஸ்விஸ் எஞ்சினியர் ஆல்ஃபிரட் பூக்கி. 1918இல் அமெரிக்கரான சான்ஃபோர்டு மாஸ், 14,000 அடிக்கு மேல் உயர்ந்த பைக்ஸ் சிகரத்துக்கு விமான எஞ்சின் ஒன்றைக் கொண்டு சென்றார். தாழ்நிலத்தில் 350 குதிரைத்திறன் தந்த அந்த எஞ்சின் மலைமேல் 230 அளவுக்குத் தளர்ந்தது. டர்போ பூட்டியதும் 356 தந்தது!

சாதாரண மக்கள் வாங்கும் கார்களுக்கு இது வந்தது 1962இல். அவ்வாண்டு வெளிவந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் காரின் வரலாறு சுவையானது. எஞ்சினுக்குள் எரிபொருள் அகாலமாக வெடித்துப் பிஸ்டனைச் சிதைக்காதிருக்க, நீரும் மெதில் ஆல்கஹாலும் கலந்த திரவம் ஒன்றை அது தெளித்துக்கொண்டது. திரவத் தொட்டி காலியானால் டர்போவின் அழுத்தம் தானே தணியும். உடைமையாளர் பலர் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். பிறகு வேகம் போதவில்லை என்று முறையிட்டார்கள். அக்காரில் டர்போவுக்கென ஒரு மானி இருந்தது என்பதையும் நாம் சொல்ல வேண்டும். 1965இல் நிறுவனமே டர்போவைக் கழற்றி, சாதாரணக் கார்புரேட்டரை மாட்டித்தர முன்வந்தது.

இக்காலக் கார்களில் அழுத்தத்தை ஓர் உணர்கருவி அளந்து கணினிக்கு அறிவிக்கிறது; ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் காட்டுவதில்லை. ஆகவேதான் ஆர்வலர் தாமே மீட்டர் பொருத்துகிறார்கள். காற்றை எஞ்சினுக்குப் பங்கிடும் மானிஃபோல்டிலிருந்து வரும் ரப்பர்க் குழாயில் ஒரு ‘டி’ இணைப்பை நுழைத்து, அதிலிருந்து மெல்லிய குழாயை ஓட்டுநர் அறைக்குள் கொணர்வது பழைய முறை. இரும்புச் சுவரைக் கடக்கும் துளையில் ரப்பர் வளையம் இடாவிட்டால் தகட்டின் விளிம்பு குழாயை அறுத்துவிடும். எஞ்சின் பகுதியிலேயே உணர்கருவியை வைத்து மின்கம்பியை மட்டும் உள்ளே கொணர்வது புதிய முறை. பெட்ரோல் வண்டி நின்ற இடத்திலேயே மெல்ல ஓடும்போது முள் பூஜ்யத்துக்குக் கீழே வெற்றிடத்தைக் காட்டும். டீசல் வண்டியில் பெரும்பாலும் அவ்வாறு இறங்காது. வழக்கமான அளவை முள் எட்டாவிட்டால் எங்கோ குழாய் கசிந்துகொண்டிருக்கலாம். அளவை மீறிப் பாய்ந்தால் மிகைப் புகையைத் திருப்பிவிடும் கதவு சிக்கியிருக்கலாம். உடனே வேக மிதியிலிருந்து காலை எடுப்பதே எஞ்சினுக்கு நல்லது.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இன்னொன்றும் பயன்படும். சாதாரண மீட்டர் காட்டுவது அந்தந்த ஊர்க் காற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தை மட்டுமே. காற்றின் அழுத்தம் சென்னையில் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு, பெங்களூரில் 13 பவுண்டுக்குச் சற்று மேல், லடாக்கின் லே நகரில் ஏறத்தாழ 9.5. எஞ்சின் நின்றிருக்கையில் மூன்று ஊர்களிலும் முள் பூஜ்யத்தில்தான் நிற்கும். முள் 10 என்று காட்டும்போது சென்னையில் எஞ்சினுக்குள் இருப்பது 24.7 பவுண்டு, லேயில் 19.5 தான். அந்தப் பத்தைத் தருவதற்குச் சென்னையில் டர்போ காற்றை ஒன்றே முக்கால் மடங்குக்குள் அழுத்தினால் போதும். லேயில் இரண்டு மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். முள் ஒரே இடத்தில் நின்றாலும், மலைமேல் சக்கரம் அதிக வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கிறது.