பகிர்வுக் கோப்புறை திறக்க மறுக்கிறதா? பாதுகாப்பை அணைக்கும் முன் கவனிக்க வேண்டியவை

கோலாலம்பூர் – பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரங்களில் கடைவீட்டு மாடிகளில் இயங்கும் கணக்கர் அலுவலகம், அச்சகம், டியூஷன் மையம், சங்க அலுவலகம் எனப் பலவற்றில் ஒரே மாதிரியான ஏற்பாட்டைக் காணலாம். மூன்று நான்கு கணினிகள், எல்லாரும் பயன்படுத்தும் ஒரு பகிர்வுக் கோப்புறை அல்லது ‘நாஸ்’ எனப்படும் சேமிப்புப் பெட்டி, ஸ்கேன் செய்ததை அந்தக் கோப்புறைக்கே அனுப்பும் ஒரு போட்டோஸ்டாட் இயந்திரம்.

விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 11-க்கு மாறியவர்களில் சிலருக்கு, நேற்றுவரை திறந்த கோப்புறை இன்று திறப்பதில்லை. கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. அல்லது நிறுவனப் பாதுகாப்புக் கொள்கை தடுப்பதாக ஓர் அறிவிப்பு வருகிறது.

அவசரத்தில் பலர் செய்வது, பாதுகாப்பையே அணைத்துவிடுவது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான் அது. அந்தக் கோப்புறைகளில் இருப்பவை தோட்டத்திலிருந்தும் பட்டணத்திலிருந்தும் வந்த குடும்பங்களின் அடையாள அட்டை நகல்கள், பிறப்புப் பத்திரங்கள், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு எண்கள்.

என்ன மாறியது?

விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயர். 1980களில் ஐபிஎம் நிறுவனத்தில் உருவானது. அதன் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே 12ஆம் தேதி ‘வான்னாகிரை’ பிணைத்தொகை நிரல் உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள்கூட நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14ஆம் தேதி வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகளே பெரிதும் மாட்டிக்கொண்டன.

அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, எஸ்எம்பி முதல் பதிப்பு தானாக நிறுவப்படுவதில்லை. 2024 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதன் புரோ பதிப்பில் ‘விருந்தினர்’ நுழைவு மூடப்பட்டு, ஒவ்வொரு தகவலிலும் எண்முறைக் கையொப்பம் கட்டாயமாக்கப்பட்டது.

இரண்டுக்கும் தொடர்பு உண்டு. நாம் தட்டும் கடவுச்சொல் அப்படியே கம்பி வழியே போவதில்லை. கோப்பு வைத்திருக்கும் கணினி ஓர் எண்ணை அனுப்பும். நம் கணினி கடவுச்சொல்லைக் கொண்டு அந்த எண்ணுக்கு விடை கணித்து அனுப்பும். இந்தக் கணக்கிலிருந்து பிறக்கும் இரகசியச் சாவியே கையொப்பத்துக்கும் பயன்படுகிறது. இடையில் யாராவது தகவலை மாற்றினால் கையொப்பம் பொருந்தாது. விருந்தினருக்குக் கடவுச்சொல் இல்லை. ஆகவே சாவியும் இல்லை, கையொப்பமும் இல்லை.

வரிசையாகச் சோதிக்க வேண்டியவை

1. கணினி கண்ணில் படுகிறதா? 80070035 என முடியும் பிழை எண் வந்தால், பெரும்பாலும் கணினியைச் சென்றடையவே முடியவில்லை என்று பொருள். கடவுச்சொல்லைத் தேடிப் பயனில்லை. இரண்டு கணினிகளும் ஒரே வைஃபையில் உள்ளனவா, நெட்வொர்க் வகை ‘பப்ளிக்’ என்பதற்குப் பதில் ‘பிரைவேட்’ என்று உள்ளதா, கோப்புப் பகிர்வு இயக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள்.

2. பின் எண்ணைத் தட்டுகிறீர்களா? காலையில் கணினியைத் திறக்கும் பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது, நெட்வொர்க்கில் செல்லாது. கணக்கின் உண்மையான கடவுச்சொல்லே வேண்டும். கடவுச்சொல்லே வைக்காத கணக்கையும் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக அனுமதிப்பதில்லை. கோப்பு வைத்திருக்கும் கணினியில், பகிர்வுக்கென்றே கடவுச்சொல்லுடன் தனிக் கணக்கு உருவாக்குவது எளிய தீர்வு.

3. பெயர் சரியா? பயனர் பெயரை மட்டும் எழுதினால், நம் கணினியிலுள்ள கணக்கு என்று எடுத்துக்கொள்ளப்படலாம். கோப்பு வைத்திருக்கும் கணினியின் பெயர், பின்சாய்கோடு, அதன் பிறகு பயனர் பெயர் என்று முழுமையாக எழுதுங்கள்.

4. பழைய கடவுச்சொல் ஒளிந்திருக்கிறதா? கடவுச்சொல்லை மாற்றிய பிறகு தொல்லை தொடங்கியிருந்தால், கண்ட்ரோல் பேனலில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ பகுதியைத் திறந்து, அங்குள்ள பழைய பதிவை நீக்குங்கள். 1219 என்ற பிழை எண் வந்தால், ஒரே கணினியுடன் இரு வேறு பெயர்களில் இணைய முயல்கிறீர்கள். முந்தைய இணைப்பைத் துண்டித்துவிட்டு மீண்டும் முயலுங்கள்.

5. நாஸ் பெட்டி பழையதா? அதன் மென்பொருளைப் புதுப்பித்து, அமைப்பில் எஸ்எம்பி 2 அல்லது 3-ஐயும் கையொப்பத்தையும் இயக்குங்கள். விருந்தினர் நுழைவுக்குப் பதில் ஒவ்வோர் ஊழியருக்கும் தனிக் கணக்கு கொடுங்கள். போட்டோஸ்டாட் இயந்திரத்துக்கும் இதே விதிதான். முதல் பதிப்பு மட்டுமே அதற்குத் தெரியும் என்றால், ஸ்கேனை மின்னஞ்சலுக்கோ யுஎஸ்பிக்கோ அனுப்பச் செய்யலாம்.

6. உள்ளே நுழைந்தும் அனுமதி மறுக்கப்படுகிறதா? அப்படியானால் கடவுச்சொல் ஏற்கப்பட்டுவிட்டது, உரிமைதான் இல்லை. பகிர்வுக்கான அனுமதி, கோப்புறைக்கான அனுமதி என இரண்டு உண்டு. இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். இரண்டையும் பாருங்கள்.

7. பெரிய அலுவலகமா? சர்வரில் எல்லாக் கணக்குகளும் இருக்கும் இடங்களில் ‘கெர்பரோஸ்’ முறை பயன்படுகிறது. கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் அது பொதுவாக நுழைவை மறுத்துவிடும். சர்வரை ஐபி எண்ணால் அழைக்காமல் பெயரால் அழைப்பதும் அவசியம்.

செய்யக்கூடாதவை

பழுது பார்க்க வருபவர் எஸ்எம்பி முதல் பதிப்பை மீண்டும் இயக்கினாலோ, ‘எல்லாருக்கும் முழு உரிமை’ கொடுத்தாலோ, தீச்சுவரை அணைத்தாலோ காரணம் கேளுங்கள். கோப்புறை அப்போதைக்குத் திறக்கும். ஆனால் கடையின் வைஃபையில் நுழையும் எவருக்கும் அது திறந்துவிடும். வீட்டிலிருந்து கோப்பு பார்ப்பதற்காக ரவுட்டரில் 445ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடவே கூடாது. அதற்கு விபிஎன் இருக்கிறது.

சட்டமும் இப்போது கடுமையாகியுள்ளது. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வர்த்தக நடவடிக்கைகளில் திரட்டப்படும் தரவுகளுக்குப் பொருந்தும். 2024இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, சட்டத்தின் கோட்பாடுகளை மீறினால் அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். 2025 ஜூன் 1 முதல், கணிசமான பாதிப்பை உண்டாக்கக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும்.

ஆகவே இன்றே இரண்டு காரியங்கள் செய்யலாம். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளை நீக்குங்கள். முக்கியக் கோப்புகளின் நகல் ஒன்றை, கணினியுடன் இணைக்காமல் தனியே வைக்கும் வட்டில் எடுத்து வையுங்கள். ஊடுருவல் நடந்திருப்பதாகச் சந்தேகம் எழுந்தால், கணினியை நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவிட்டு, சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவி மையத்தை நாடலாம்.