சிங்கப்பூர் தமிழ்ப் பசங்க 1998ல் போட்ட சத்தம்

இன்னைக்கு சுகர், பிரஷர், டெங்கு எதுவும் இல்லை மக்களே. நைட் டூட்டி முடிஞ்சு வந்து உட்கார்ந்திருக்கேன். ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச ஒரு இசை ஆல்பத்தைப் பத்தின நீண்ட த்ரெட் இது. பொறுமையா படிங்க.

முத்துப்பேட்டையில் சபுராளி வீடு நிறைய. தாத்தா சிங்கப்பூர், மாமா மலேசியா, மச்சான் துபாய். சிங்கப்பூரிலிருந்து இந்த ஊருக்குக் கோடாலித் தைலம் வந்திருக்கு, கைலி வந்திருக்கு, டேப் ரெக்கார்டர் வந்திருக்கு. ஆனா அதே சிங்கப்பூரில் தமிழ்ப் பசங்க போட்ட ஒரு டெத் மெட்டல் ஆல்பம் மட்டும் வந்து சேரவே இல்லை. இசைக்குழுவின் பெயர் ருத்ரா. முதல் ஆல்பத்தின் பெயரும் அதேதான். வருடம் 1998.

எம்பிபிஎஸ் படிக்கும்போது ஹாஸ்டல் நண்பனோட ஹார்ட் டிஸ்க்கில்தான் முதல்ல கேட்டேன். நார்வே, ஸ்வீடன் குழுக்களுக்கு நடுவில் இந்த ஃபோல்டர். வெள்ளைக்காரன் யாரோ நம்ம சாமி பெயரை வச்சிக்கிட்டான்னு நினைச்சுத்தான் திறந்தேன். அப்புறம் தேடிப் பார்த்தா பாடி, பேஸ் கிட்டார் வாசிச்சவர் கதிரசன். டிரம்ஸ் சிவா. கிட்டார் பாலா. நம்ம வார்டு அட்மிஷன் நோட்டைப் புரட்டின மாதிரி இருந்தது!

டெத் மெட்டல் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 80களில் அமெரிக்காவில், குறிப்பா ஃபுளோரிடாவில், திரண்ட இசை. கிட்டார் தடிமனா இருக்கும். பாட்டு உறுமலா இருக்கும். அந்த உறுமல் எப்படி வருதுன்னு பலர் கேட்பாங்க. நாம பேசுறது உண்மையான குரல் நாண்களில். அதுக்கு மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கு, பொய் நாண்கள்னு சொல்வோம். சாதாரணப் பேச்சில் அது சும்மா இருக்கும். உறுமும்போது அதுவும் சேர்ந்து அதிரும். முறையா பழகினவங்க பல வருஷம் பாடுறாங்க. பழகாம கத்தினா தொண்டை புண்ணாகி ஈஎன்டி ஓபியில்தான் பார்ப்போம். டிரம்ஸ் வேகம் நிமிடத்துக்கு 200ஐ சாதாரணமா தாண்டும். அந்த வேகத்தில் ஒருத்தருக்கு நாடி துடிச்சா உடனே இசிஜி எடுத்து, தேவைப்பட்டா அடினோசின் ஏத்துவோம்.

90களின் தொடக்கத்தில் இந்த இசைக்குள்ளேயே சிலருக்கு வேகம் மட்டும் போதலை. 1991ல் டெத் குழுவின் 'ஹியூமன்', ஏதீஸ்ட் குழுவின் ரெண்டாவது ஆல்பம், 1993ல் சினிக் குழுவின் 'ஃபோகஸ்'. ஜாஸ், சிக்கலான தாளம், தத்துவம் எல்லாம் உள்ளே வந்தது. 'ஃபோகஸ்' கதை நம்ம டெல்டாக்காரங்களுக்கு நல்லாப் புரியும். அவங்க ஸ்டூடியோவுக்குப் போக இருந்த நேரத்தில் 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃபுளோரிடாவைச் சூறையாடிடுச்சு. பதிவு பல மாதம் தள்ளிப் போச்சு. 2018 நவம்பர் 16 கஜா விடியலைப் பார்த்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. விழுந்து கிடக்கிற தென்னைக்கு நடுவில் யார் கிட்டார் தூக்குவாங்க? பாடகர் பால் மஸ்விடாலுக்குக் குரலே போயிடும் அபாயம் வேற. அதனால அந்த ஆல்பத்தில் உறுமினது டோனி டீகார்டன்னு வேறொருத்தர்.

அதே 1992ல்தான் சிங்கப்பூரில் நம்ம பசங்க ருத்ராவைத் தொடங்குறாங்க. அங்கே மெட்டல் புதுசு இல்லை. அப்ஹோரர், இம்பயட்டி மாதிரிக் குழுக்கள் ஏற்கெனவே இருந்தன. ஆனா அந்த வட்டத்தில் பெரும்பாலும் மலாய் இளைஞர்கள். தமிழ்ப் பசங்க சிறுபான்மைக்குள் சிறுபான்மை.

இங்கே ஒரு விஷயம் தெரிஞ்சிக்கணும். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒண்ணு. நாணயத்தில், அறிவிப்புப் பலகையில் தமிழ் இருக்கும். ஆனா 1973லிருந்து தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவி வாசிக்கத் தடை இருந்தது. காவடி போகலாம், மேளம் கூடாதுன்னு இருந்தது. 2016ல்தான் வழியில் மூணு இடத்தில் நேரடி இசைக்கு அனுமதி கிடைச்சது. தவிலும் உறுமியும் இல்லாத காவடியை நம்ம ஊர்ல கற்பனை பண்ணிப் பாருங்க. ஜாம்பவானோடை தர்கா கந்தூரி ஊர்வலம் கொட்டு இல்லாம போனா எப்படி இருக்கும்? எழுத்தாக மொழிக்கு இடம் இருந்தது, சத்தமாக நம்ம மேளத்துக்குத் தெருவில் இடம் இல்லை. ருத்ரா பசங்க வளர்ந்தது அந்த ஊரில்தான். அதனாலதான் இவ்வளவு சத்தமா வாசிச்சாங்கன்னு நான் சொல்லலை. அவங்க அப்படிச் சொன்னதா எங்கேயும் படிக்கவும் இல்லை. ஆனா இந்த ஆல்பத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தடை ஞாபகம் வருது.

நடுவில் ஒருமுறை பிரிஞ்சு, திரும்பச் சேர்ந்து, ஆறு வருஷம் கழிச்சு ஆல்பம் வந்தது. பாட்டு ஆங்கிலத்தில். இடையில் சமஸ்கிருத மந்திரம், இந்திய இசைச் சாயல். பதிவுத் தரம் சுமார்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா கருத்து புதுசு. டெத் மெட்டல்னாலே பிணம், ரத்தம், சாத்தான். இவங்க எடுத்தது வேதாந்தம். நான்கிறது யாரு, சாகிறது எதுன்னு கேள்வி. சாவைப் பத்திப் பாடுற இசைக்கு இது ரொம்பப் பொருத்தமான கேள்விதான். இதுக்கு வேதிக் மெட்டல்னு அவங்களே பெயர் வச்சாங்க.

ராகத்தை ஒட்டவச்ச மாதிரி இருக்குமோன்னு சந்தேகப்படுவீங்க. இல்லை, காரணம் இருக்கு. மெட்டல் கிட்டார்காரங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஃப்ரிஜியன் ஸ்கேலும் நம்ம தோடியும் ஒரே ஸ்வரங்கள்தான். சட்ஜமத்தை ஒட்டியே சுத்த ரிஷபம், அதில்தான் அந்த இருட்டு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாயனத்தில் தோடியை மணிக்கணக்கா வாசிச்சு நம்ம தாத்தாக்களைக் கோயில் வாசலிலேயே உட்கார வச்சாரே, அதே ஸ்வரங்கள். கமகம் வேற, இலக்கணம் வேற, ஒத்துக்கிறேன். ஆனா டெல்டாக் காதுக்கு மெட்டல் அவ்வளவு அந்நியம் இல்லை.

அப்புறம் ஏன் யாருக்கும் தெரியலை? மெட்டல் கேட்கிற உலகம் அன்னைக்கு ஃபுளோரிடாவையும் நார்வேயையும்தான் பார்த்துச்சு. நம்ம பக்கம் 1998ல் வந்து இறங்கின கேசட்டெல்லாம் சினிமா. சிங்கப்பூரில் இருந்தே யூஜீன் டைரியநாதன் என்ற இசை ஆய்வாளர் 2009ல் இவங்களைப் பத்தி, தென்னிந்திய சமூக அடையாளத்தோட சேர்த்து, ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கார். தமிழ்நாட்டில் புலம்பெயர் இலக்கியம்னு மாநாடு போடுறோம், புலம்பெயர் இசைன்னா மெல்லிசைக் கச்சேரியோட நிறுத்திக்கிறோம்.

எனக்கு வருத்தமும் உண்டு. மந்திரத்துக்கு சமஸ்கிருதம், பாட்டுக்கு ஆங்கிலம், ரெண்டுக்கும் நடுவில் நம்ம தமிழ் எங்கேன்னு கேட்காம இருக்க முடியலை. உடம்பு, உயிர், சாவு பத்திச் சித்தர் பாட்டில் இல்லாததா? 2001ல் வந்த ரெண்டாவது ஆல்பத்துக்கு 'தி ஆர்யன் குருசேட்'னு பெயர் வேற. உயர்ந்த பண்புள்ளவன் என்ற பழைய பொருளில் வச்சதா எடுத்துக்கலாம். ஆனா ஐரோப்பாவில் அந்தச் சொல் காதில் விழுந்தா ஹிட்லர் ஞாபகம் வரும், நம்ம ஊர்ல விழுந்தா வேற சண்டை வரும். தமிழ்ப் பசங்க தெரிஞ்சே ரெண்டு பக்கமும் அடி வாங்குற பெயர்! இந்த விஷயத்தில் நான் அவங்களோட உடன்படலை. அதுக்காக 1998 ஆல்பத்தைத் தூக்கி வைக்கவும் மாட்டேன்.

குழு இன்னும் ஓயலை. 2005, 2009, 2011ல் 'பிரம்மவித்யா'ன்னு மூணு ஆல்பம் போட்டாங்க. வாசிப்பு, பதிவு ரெண்டுமே அதில் வேற தரம். 2022லும் புது ஆல்பம் வந்தது. நிறைய பேர் 'பிரம்மவித்யா'வைப் புகழ்ந்துட்டு முதல் ஆல்பத்தைப் பயிற்சி நோட்டு மாதிரி ஒதுக்கிடுறாங்க. 2005ல் அவங்க தெளிவாச் சொன்ன எல்லாத்துக்கும் விதை 1998லேயே கரடுமுரடாக் கிடக்கு.

புதுசா கேட்கிறவங்க 2005 ஆல்பத்தில் ஆரம்பிங்க, காது பழகினதும் 1998க்குத் திரும்புங்க. முதல் நாள் பத்து நிமிஷம் போதும். வீட்டில் பெரியவங்க இருந்தா ஹெட்ஃபோன் மாட்டிக்கோங்க. சத்தம் பாதிக்கு மேல வேண்டாம். 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் வரைதான் காதுக்குப் பாதுகாப்பு. அப்புறம் காது இரையுதுன்னு என் ஓபிக்கே வருவீங்க.

யார் வீட்டு சபுராளியாவது 90களில் சிங்கப்பூரில் இவங்க வாசிச்சு நேரில் பார்த்திருந்தா கீழே சொல்லுங்க. தூங்கி எழுந்து எல்லாத்தையும் படிக்கிறேன்.