லிடார் என்றால் என்ன? காட்டுக்குள் மறைந்த நகரத்தை லேசர் காட்டிக்கொடுப்பது எப்படி?

மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டுக் காட்டுக்குள் கரகோல் என்ற பழங்கால மாயா நகரம் இருக்கிறது. தொல்லியலாளர்கள் ஆர்லன் சேஸ், டயான் சேஸ் தம்பதி அங்கே செடி கொடிகளை வெட்டி, நடந்து நடந்தே அளந்தார்கள். சுமார் 25 ஆண்டுகளில் வரைபடமானது 23 சதுர கிலோமீட்டர்தான். 2009-ல் ஒரு விமானம் சில நாட்கள் பறந்து, சுமார் 200 சதுர கிலோமீட்டரை அளந்து கொடுத்துவிட்டது. அதில் இருந்த கருவிதான் லிடார்.

எப்படி வேலை செய்கிறது?

லேசர் துடிப்பு ஒன்று கீழே போகும், எதிலாவது பட்டுத் திரும்பும். போய்வந்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் தூரம் கிடைத்துவிடும். கணக்கு என்னவோ பள்ளிக்கூடக் கணக்குதான். நேரத்தை அளப்பதுதான் சிக்கல். ஒரு நானோ விநாடி தப்பினாலே உயரம் 15 செ.மீ. மாறிவிடும். விமானமும் ஆடும், சாயும். அதனால் ஜிபிஎஸ்ஸும் சாய்வை அளக்கும் சென்சாரும் கூடவே இயங்க வேண்டும்.

லேசர் மரத்தைத் துளைக்குமா?

துளைக்காது. பலரும் இதைத்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறோம். இலையில் பட்ட ஒளி அங்கிருந்தே திரும்பிவிடும். மதியம் மரத்தடியில் நின்று பாருங்கள், தரையில் வெயில் பொட்டுப் பொட்டாக விழும் இல்லையா? அந்த இடைவெளி வழியாகத்தான் லேசரும் இறங்குகிறது. விநாடிக்கு லட்சக்கணக்கில் துடிப்புகளை அனுப்பினால் சில தரையைத் தொட்டுவிடும். ஒரே துடிப்பில் கொஞ்சம் உச்சிக் கிளையிலும் மிச்சம் தரையிலும் பட்டு, இரண்டு மூன்று தவணையாகக்கூடத் திரும்பி வரும். கணினியில் மரப் புள்ளிகளை நீக்கினால் மேடு, மதில், சாலை எல்லாம் தெரியும். இடைவெளியே இல்லாத புதர் என்றால் லிடாரும் திணறும்.

எதைச் சொல்லாது?

குவாத்தமாலா காட்டில் சுமார் 2,100 சதுர கிலோமீட்டரை இப்படி அளந்ததில் 60,000-க்கும் அதிகமான கட்டுமானங்கள் தெரிந்தன. அதை வைத்து, அந்தச் சமவெளிப் பகுதியில் ஒரு காலத்தில் 70 லட்சம் முதல் 1.1 கோடி பேர் வாழ்ந்திருக்கலாம் என 2018-ல் ஆய்வாளர்கள் கணித்தனர்.

ஆனால் லிடார் உயரத்தைத்தான் காட்டும், வயதைக் காட்டாது. பக்கத்துப் பக்கத்து மேடுகள் இரண்டும் ஒரே காலத்தவையா, நூற்றாண்டுகள் இடைவெளியில் வந்தவையா? அதற்கு மண்வெட்டி எடுத்துத் தோண்டித்தான் ஆகணும். அதற்குள் புதையல் திருடர்கள் முந்திவிடக் கூடாதே என்பதால், துல்லியமான இட விவரங்களை வெளியிட ஆய்வாளர்கள் தயங்குகிறார்கள்.