கரிகாலன் கொலையும் சோழர் குடியும்

சோழர் வரலாற்றைப் பயில்வோர் பலரும் இராசராசனின் வெற்றிகளிலே தொடங்கித் தஞ்சைப் பெருவுடையார் கோயிலிலே முடிப்பர். அப்பேரரசனின் இளமையில் அவன் வீட்டில் நேர்ந்த ஒரு கொலையையும், அத்துயரை அக்குடும்பம் தாங்கிய திறத்தையும் ஈண்டு நாம் சிறிது ஆராய்வோம்.

சுந்தர சோழருக்கும் மலையமான் குலத்து வானவன் மாதேவிக்கும் பிறந்த மக்கள் மூவர்: ஆதித்த கரிகாலன், குந்தவை, அருண்மொழி. ஆதித்தன் இளம்பருவத்திலேயே வீரபாண்டியனை எதிர்த்துப் பொருது, 'பாண்டியன் தலைகொண்ட கோப்பரகேசரி' எனப் பெயர் பெற்றான். தந்தை வாழ்ந்திருக்கும்போதே முடிசூடித் தன் ஆட்சியாண்டு குறித்துக் கல்வெட்டுகள் பொறிக்கவும் பெற்றான். அத்தகையோன் கி.பி. 970-ஐ ஒட்டிச் சூழ்ச்சியால் கொல்லப்பட்டான். 1950 முதல் 1954 வரை கல்கி அவர்கள் தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வ'னைப் படித்தோர் உடனே கடம்பூர் மாளிகையை எண்ணுவர். ஆயின், கொலை நிகழ்ந்த இடத்தையும் முறையையும் கல்வெட்டுகள் கூறவில்லை.

அக்கொலையால் அரச குடும்பம் நிலைகுலைந்தது. சில ஆண்டுகளுக்குள் சுந்தர சோழர் காஞ்சிப் பொன்மாளிகையில் உயிர் நீத்தார். 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்பது அவர்க்குப் பின்னர் வழங்கிய பெயர். வானவன் மாதேவி தம் மகவையும் பிரிந்து கணவருடன் உயிர் துறந்த செய்தியைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு உருக்கமாக உரைக்கின்றது. தமையனையும் பெற்றோரையும் இழந்த அருண்மொழியை நாட்டு மக்கள் அரியணை ஏற வேண்டினர். சிறிய தந்தையான உத்தம சோழர்க்கு அரசாளும் விருப்பம் உள்ளவரை தாம் அதனை விரும்புவதில்லை என அவன் மறுத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கின்றது. 985-இல்தான் அவன் முடிசூடினான்.

கொலைஞர் யாவர்? காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில் உள்ள கல்வெட்டு விடை தருகின்றது. இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டினது என்பர் அதனை. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிசோழ பிரமாதிராசன் என்னும் உடன்பிறந்தோரைத் துரோகிகள் என்று அது பெயர் சுட்டுகின்றது. பட்டங்களை நோக்க, அவர்கள் அரசியல் அதிகாரம் பெற்றிருந்தோர் என்பது புலனாம். அவர்தம் உடைமை மட்டுமன்றி, மக்கள், மனைவியர், மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தோர் ஆகியோரின் உடைமையும் விற்கப்படுமாறு ஆணை பிறந்தது. உயிர்த்தண்டனையைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. ஒரு கொலையால் அரசன் வீடு அழிவுற்றது. குற்றமே அறியாத உறவினர் பலரின் வீடுகளும் அழிவுற்றன. இராசராசனைப் போற்றும் நாம் இதனையும் மறைத்தல் ஆகாது.

உத்தம சோழர் காலத்தில் இத்தண்டனை நிறைவேறாமையைக் கொண்டு, அவர்க்கும் கொலையில் தொடர்பு உண்டு என்று நீலகண்ட சாஸ்திரியார் கருதினார். சதாசிவப் பண்டாரத்தார் இதனை மறுத்தார். கல்வெட்டு நிலவிற்பனையைக் கூறுவதன்றி, கொலைஞர் முதன்முதல் தண்டிக்கப்பட்ட நாளைக் கூறுவதன்று என்பது அவர் வாதம். பின்னை நிகழ்ந்தவையும் பண்டாரத்தார் பக்கமே நம்மைச் சாய்க்கின்றன. உத்தமரின் மைந்தன் மதுராந்தகன் கண்டராதித்தன், இராசராசன் ஆட்சியில் கோயிற் கணக்குகளை ஆராயும் உயர் அலுவலனாக விளங்கினான். உத்தமரின் அன்னை செம்பியன் மாதேவியார் இறுதிவரை பெருமதிப்புடன் வாழ்ந்தார். தமையனைக் கொல்வித்தவன் என்று ஒருவனை எண்ணியிருப்பின், அவன் மகனிடம் இராசராசன் கணக்கை ஒப்படைத்திருப்பானோ?

குந்தவைப் பிராட்டியாரோ தம் துயரை அறமாக மாற்றினார். தம்பி எடுப்பித்த தஞ்சைக் கோயிலில் தந்தையின் திருமேனியை எழுந்தருளுவித்தார். தந்தை பெயர் தாங்கிய சுந்தர சோழ விண்ணகர் ஆதுலசாலைக்கு, அஃதாவது மருத்துவமனைக்கு, நிலம் வழங்கினார். இராசராசன் தன் மகளுக்குத் தமக்கையின் பெயரையே சூட்டினான்.

அரியணைப் பகையால் உடன்பிறந்தோர் ஒருவரையொருவர் அழித்த அரசுகள் உலகில் பல. அதே பகைக்கு இடம் இருந்தும், எஞ்சியோர் ஒருவரையொருவர் கைவிடாது நின்றமையாலேயே சோழர் குடி மீண்டது. தஞ்சை விமானத்தை அண்ணாந்து நோக்கும்போது, அதன் அடித்தளத்தில் இக்குடும்ப ஒற்றுமையும் கிடக்கின்றது என்பதை நம் இளைஞர் நினைவிற் கொள்வாராக.