கொலையாளி தெரிந்த கொலைக்கதை

காட்டுக்குள்ள கொலை எண்டால் நாங்கள் மர்மத்தைத் தேடுவம். லெனார்ட் வுல்ஃப் 1913இல் வெளியிட்ட 'தி வில்லேஜ் இன் த ஜங்கிள்' நாவலில் மர்மமே இல்லை. வேட்டைக்காரன் சிலிந்து, ஊர்த் தலைவரையும் பெர்னாண்டோவையும் சுட்டுவிட்டுத் தானே போய்ச் சரணடைகிறான். ஏன் சுட்டான் எண்டதுதான் கதை.

அதற்கு முன்னர் ஒரு பொய்த் திருட்டு வழக்கு. நீதிமன்றம் ஆங்கிலத்தில் நடக்குது. சிலிந்துவுக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீதவானுக்குச் சந்தேகம் வந்தும், சாட்சியத்தை நம்பி மருமகன் பாபுனைச் சிறைக்கு அனுப்புகிறார். வுல்ஃபே 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்து வழக்குக் கேட்டவர். (1980இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இதைப் படமாக்கியபோது அந்த நீதவானாக நடித்தது ஆர்தர் சி. கிளார்க்!)

விளங்காத மொழியில் எழுதின வாக்குமூலத்துக்குக் கையெழுத்து வைக்கிறது கொட்டாஞ்சேனையிலயும் வெள்ளவத்தையிலயும் எங்கட ஆக்களுக்குப் புதுசில்லை. சிலிந்துவின் மொழியோ சிங்களம்.