இரண்டு பெட்டிகளும் ஒரு துண்டும்

போன மாசம் முழுக்க எங்க குழுவுக்குள்ள ஒரே சண்டை. அரசியல் சண்டை என்றால் பெருமையாகச் சொல்லிக்கலாம். இது இரண்டு கம்பியூட்டர் பெட்டிகளைப் பற்றிய சண்டை. ஒன்று ஏலியன்வெயார் அரோரா. மற்றது எச்பியின் ஓமன் 45எல். இரண்டுமே கேம் விளையாடுவதற்கென்று கம்பனியிலேயே முழுசாகப் பூட்டி வருகிற உயர்ரகப் பெட்டிகள். பாதிப் பேர் அரோரா என்றோம், பாதிப் பேர் ஓமன் என்றோம். இரண்டு பேர் கோபத்தில் வாட்ஸ்அப் குழுவை விட்டே போனார்கள். மறுநாள் திரும்பி வந்தார்கள், அது வேற கதை.

எதுக்கு இந்த ஆடம்பரம் என்று நீங்க கேட்கலாம். எங்க வீடுகளிலும் கேட்டாங்க. ஹட்டனில் நாங்க வாடகைக்கு எடுத்திருக்கிற ஒற்றை அறையில், தோட்டத்துப் பெரியவர்கள் பேசிய மணிக்கணக்கான வீடியோ பதிவுகள் கிடக்கின்றன. இருக்கிற பழைய லேப்டொப்பில் பத்து நிமிஷப் படத்தை வெட்டி ஒட்டவே ஒரு இரவு போகிறது. அந்த வேலைக்கு நல்ல கிராபிக்ஸ் கார்ட் வேணும். நல்ல கிராபிக்ஸ் கார்ட் உள்ள பெட்டியைத்தான் கடைக்காரர்கள் கேமிங் பிசி என்று விற்கிறார்கள். கேம் விளையாடவும்தான் வாங்குறோம். அதை ஒளிக்க என்ன இருக்கு?

காசு வந்த வழியையும் சொல்லணும். ஒன்றரை வருஷமாகப் போட்ட சீட்டு, கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் நண்பர்கள் அனுப்பியது, கட்டாரிலிருந்து ஒரு அண்ணன் அனுப்பியது. எல்லாம் சேர்ந்து ஒன்பது லட்சம் ரூபா. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் இது கிட்டத்தட்ட 667 பேர். ‘பேர்’ என்றால் ஆட்களின் எண்ணிக்கை என்று வெளியாட்கள் நினைப்பாங்க. மலைக்குப் போய், கொழுந்து நிறுத்துக் கொடுத்து, செக்ரோலில் விழுகிற ஒரு முழு நாள்தான் எங்களுக்கு ஒரு பேர். ஒரு அம்மா 667 நாள் மலையேறி உழைக்கிற காசை ஒரு இரும்புப் பெட்டியில் போடப் போகிறோம். உண்மையிலேயே பயம் வந்தது. கலைப்பீடப் பிள்ளைகள் பயந்தால் என்ன செய்வோம்? பழைய கதையைத் தேடினோம்.

தேயிலைக் கம்பனி செய்த கம்பியூட்டர்

முதலில் கண்ணில் பட்டதே எங்களை ஆச்சரியப்படுத்தியது. வியாபாரக் கணக்கை வாராவாரம் ஒழுங்காகப் போட்டுக் கொடுத்த உலகத்தின் முதல் கம்பியூட்டரைச் செய்தது ஒரு தேயிலைக் கம்பனி. பெயர் ஜே. லயன்ஸ். லண்டனில் தேநீர்க் கடைகள் நடத்தி, கேக் சுட்டு, தேயிலையைக் கலந்து பக்கெட் போட்டு விற்றவர்கள். (லயன்ஸ் என்று வாசித்ததும் எங்களுக்கு லயன் காம்பராதான் ஞாபகம் வந்தது. மன்னிக்கணும்.)

1947இல் லயன்ஸ் தன் அதிகாரிகள் இரண்டு பேரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அங்கே செய்துகொண்டிருந்த புது மின்னணு இயந்திரங்கள் அலுவலகக் கணக்குக்கு உதவுமா என்று பார்த்து வரச் சொன்னார்கள். போன இடத்தில்தான் தெரிந்தது, தங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், மொரிஸ் வில்க்ஸ் என்பவர் அப்படி ஒன்றைச் செய்யப் போகிறார் என்று. லயன்ஸ் அந்த வேலைக்கு 3,000 பவுண் கொடுத்தது. 1949 மே மாசம் கேம்பிரிட்ஜ் இயந்திரம் ஓடியதும், அதைப் பார்த்து லயன்ஸ் தனக்கென்று ஒன்றைக் கட்டத் தொடங்கியது. அதன் பெயர் லியோ. சுமார் 6,000 வால்வுகள். நினைவகம் பாதரசம் நிரப்பிய குழாய்களில். 1951 நவம்பரில் அது பேக்கரிக் கணக்கை வாராவாரம் போடத் தொடங்கியது. பிறகு சம்பளக் கணக்கு வந்தது. அனுபவமுள்ள கிளார்க் ஒருவர் எட்டு நிமிஷத்தில் போடும் ஒரு ஆளின் சம்பளத்தை லியோ ஒன்றரை செக்கனில் போட்டது. தேயிலைக் கலவைக் கணக்கும் அதற்கே போனது.

அதே காலத்தில் இங்கே கணக்கப்பிள்ளை செக்ரோலைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார். கேக் சுட்டவரின் சம்பளம் அங்கே ஒன்றரை செக்கனில் வந்தது. கொழுந்து பறித்தவரின் பேர் இங்கே ஒரு பென்சில் நுனியில் நின்றது. அரைப் பேர் விழுந்தால் ஏன் விழுந்தது என்று கேட்க, அந்தக் கொப்பியை வாசிக்கத் தெரிந்தவர்கள் லயத்தில் குறைவு.

எங்க விஷயத்துக்கு இதில் ஒரு பாடம் இருக்கு. 1947இல் கடைக்குப் போய் ‘அதைக் குடுங்க’ என்று கேட்க ஒரு கம்பியூட்டர் இல்லை. அதனால் லயன்ஸ் முதலில் தன் வேலையைப் படித்தது. எந்த மேசையிலிருந்து எந்தத் தாள் எங்கே போகிறது, எந்தக் கணக்கை யார் இரண்டு தடவை போடுகிறார்கள் என்று ஒவ்வொன்றாக வரைந்தார்கள். டேவிட் கெமினர் என்பவர் இதற்குப் பேர்போனவர். தேவை தெளிந்த பிறகுதான் இயந்திரம். நாங்க தலைகீழாக, இயந்திரத்தின் படத்தைப் பார்த்துவிட்டுத் தேவையைத் தேடிக்கொண்டிருந்தோம்.

இரண்டு பொடியன்மாரின் கடைகள்

பூட்டிய பெட்டி கடைக்கு வந்த கதை 1981 ஓகஸ்டில் சூடு பிடிக்கிறது. ஐபிஎம் தன் பிசியை அப்போதுதான் வெளியிட்டது. அவசரத்தில் செய்ததால், சந்தையில் யாரும் வாங்கக்கூடிய பாகங்களை வைத்தே பூட்டினார்கள். அதற்கே உரியதாக இருந்த முக்கியமான பொருள் பயொஸ் என்ற சின்ன மென்பொருள். அடுத்த வருஷமே கொம்பெக் கம்பனி அதைப் பார்த்து எழுதாமல், அதே வேலையைச் செய்யும் வேறொன்றை எழுதிவிட்டது. அதன் பிறகு ஸ்க்ரூட்ரைவர் பிடிக்கத் தெரிந்த எவரும் பிசி பூட்டலாம் என்ற நிலைமை வந்தது. 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவு, மதர்போர்டையும் பவர் சப்ளையையும் எந்தக் கம்பனிப் பெட்டியிலும் பொருந்தும்படி ஆக்கியது.

இந்தத் திறந்த வாசல் வழியாக வந்தவர்கள்தான் எங்க இரண்டு பெட்டிகளின் மூதாதையர். 1991இல் கனடாவின் கல்கரி நகரத்தில் ராகுல் சூத் என்ற இந்திய வம்சாவளி இளைஞர் வூடூ பிசி என்ற கடையைத் தொடங்கினார். 1996இல் அமெரிக்காவின் மயாமியில் நெல்சன் கொன்சாலஸ், அலெக்ஸ் அகீலா என்ற இரண்டு சிறுவயது நண்பர்கள் ஏலியன்வெயாரைத் தொடங்கினார்கள். சந்தையில் கிடைக்கும் நல்ல பாகங்களைத் தேர்ந்தெடுத்து, கேம் விளையாடுபவனுக்கு என்ன வேணும் என்று தெரிந்தவர்கள் கையால் பூட்டிக் கொடுப்பதுதான் இரண்டு பேரின் வியாபாரமும். அவர்களும் எங்களை மாதிரி ஆட்கள்தான்.

பிறகு 2006 வந்தது. மார்ச்சில் டெல் கம்பனி ஏலியன்வெயாரை வாங்குவதாக அறிவித்தது. செப்டெம்பரில் எச்பி வூடூவை வாங்குவதாக அறிவித்தது. ஒரே வருஷத்தில் இரண்டு சின்னக் கடைகளும் இரண்டு பெரிய கம்பனிகளுக்குள் போய்விட்டன. ஏலியன்வெயார் என்ற பெயரை டெல் அப்படியே வைத்துக்கொண்டது. வூடூ என்ற பெயர் சில வருஷங்களில் மறைந்தது. ஆனால் வூடூ விற்ற ஒரு பெட்டியின் பெயரை 2014இல் எச்பி மறுபடி எடுத்துத் தன் கேமிங் வரிசைக்கு வைத்தது. அந்தப் பெயர்தான் ஓமன்.

ஆக, நாங்க இரண்டு வாரமாகக் கட்சி பிரிந்து சண்டை போட்டது இரண்டு பெயர்களுக்காக. கொன்சாலஸும் சூத்தும் இப்ப அந்தப் பெட்டிகளைப் பூட்டுவதில்லை.

மூடியைக் கழற்றினால்

பெயரை விட்டுவிட்டு உள்ளே பார்த்தோம். இங்கேதான் சண்டையின் திசை மாறியது.

பெரிய கம்பனிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எல்லாப் பெட்டியிலும் பொருந்துகிற பாகத்தைப் போட்டால், பழுதானதும் நீங்க வெளியில் வாங்கிக்கொள்வீங்க. தன் சொந்த அளவில் செய்தால் தன்னிடமே வரவேணும். 1998 முதல் சில வருஷங்கள் டெல் பெட்டிகளின் பவர் சப்ளை பிளக் பார்வைக்கு ஏடிஎக்ஸ் மாதிரியே இருந்தது, உள்ளே வயர் வரிசை வேறு. தெரியாமல் வெளியில் வாங்கிய சப்ளையை மாட்டினால் மதர்போர்ட் எரியக்கூடும். அரோரா வரிசையின் மதர்போர்ட் இன்றும் டெல்லின் சொந்த வடிவம்தான். ஓமன் 45எல்லின் மதர்போர்டும் எச்பியினுடையதுதான், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதன் பவர் சப்ளை எல்லாருக்கும் பொதுவான ஏடிஎக்ஸ் அளவு. பக்கக் கதவையும் ஸ்க்ரூட்ரைவர் இல்லாமல் திறக்கலாம்.

பவர் சப்ளைக்கு ஏன் இவ்வளவு கதை என்று கேட்டால், நீங்க ஹட்டனில் இருந்ததில்லை என்று அர்த்தம். நாட்டின் முக்கியமான நீர்மின் நிலையங்கள் எங்களைச் சுற்றித்தான். பழைய லக்ஷபான 1950இலேயே ஓடத் தொடங்கியது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களை பஸ்ஸில் போகும்போதே பார்க்கலாம். இவ்வளவு இருந்தும் பல லயங்களுக்கு லைட் வர எத்தனையோ வருஷம் போனது. வந்த கரண்டும் இடி மின்னல் காலத்தில் எப்ப போகும் எப்ப வரும் என்று சொல்ல ஏலாது. 2022 மார்ச் கடைசியில் நாடே 13 மணித்தியால மின்வெட்டில் கிடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கரண்ட் போய்த் திடீரென்று கூடுதல் வோல்டேஜோடு திரும்பி வரும்போது முதலில் அடிவாங்குவது பவர் சப்ளைதான். அது பொது அளவு என்றால் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒன்றை வாங்கி அன்றைக்கே மாட்டலாம். கம்பனி அளவு என்றால் பெட்டி கொழும்புக்குப் போகணும், பாகம் வெளிநாட்டிலிருந்து வரணும். அதுவரை 667 பேர் மூலையில் துணி மூடிக் கிடக்கும்.

துண்டு

இன்னொரு சிக்கலும் இருந்தது. நாங்க விசாரித்த கடையில் அரோரா பதினொரு லட்சம். கையில் ஒன்பதுதான். ‘மிச்சத்தைத் தவணையில் கட்டுங்க, அரச உத்தியோகத்தில் இருக்கிற ஒருவர் பிணை நின்றால் போதும்’ என்றார்கள். எங்களில் ஒருத்தியின் அண்ணன் ஆசிரியர். ‘நான் கையெழுத்துப் போடுறேன், நீங்க நல்ல சாமானா வாங்குங்க’ என்று அவரும் சொல்லிவிட்டார். அன்றைக்கு இரவு அரோராக் கட்சி கிட்டத்தட்ட வென்றுவிட்டது.

அப்போதுதான் எங்களில் ஒருவர், பரீட்சைக்குப் படித்த ஒரு சொல்லைக் குழுவில் போட்டார்: துண்டு. எங்க பூட்டன் காலத்து ஏற்பாடு. கங்காணியும் அவருடைய ஆட்களும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகணும் என்றால், இவ்வளவு கடனைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிய துண்டு வேணும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுக்கும். கடன் தீராது, ஆட்களோடு சேர்ந்து நடக்கும். அந்தத் துண்டில் என்ன எழுதியிருக்கிறது, தொகை எப்படி வந்தது என்று சுமந்தவர்களுக்குத் தெரியாது. 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

கடைத் தவணையும் துண்டும் ஒன்று என்று சொல்வது அநியாயம். துண்டு எங்க ஆட்களின் தலையில் கட்டப்பட்டது, தவணையை நாங்களே போய் எடுப்போம். ஆனாலும் அந்தச் சொல்லைப் பார்த்ததும் குழு ஒரு நாள் பேசாமல் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு பெட்டிக்காக, முப்பது பேர் விளையாட, ஒருவர் மட்டும் கையெழுத்துப் போடுவதா? அடுத்த நாள் அந்தத் தங்கச்சியே எழுதினாள்: “அண்ணனோட கையெழுத்து வேணாம். இருக்கிற காசுக்குள்ள வாங்குவோம்.”

அப்படித்தான் ஓமன் என்று முடிவானது. அதுதான் உலகத்தில் சிறந்த பெட்டி என்று நாங்க சொல்லவில்லை. 2025இல் ஏலியன்வெயார் தன் பழைய ஏரியா-51 பெயரோடு கொண்டுவந்த பெட்டியில், வெளியில் வாங்கும் பாகங்களையும் மாற்றிப் போடலாம் என்பதையே டெல் பெருமையாக விளம்பரம் செய்தது. கேட்கிறவர்கள் கேட்டால் பெரிய கம்பனியும் இறங்கி வரும் என்று தெரிகிறது. அது எங்க காசுக்கு எட்டாத உயரத்தில் இருக்கு, அவ்வளவுதான்.

நீங்களும் எங்கேயாவது இப்படி ஒரு பெட்டி வாங்கப் போறீங்க என்றால், நாங்க ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிற மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்க. பவர் சப்ளை ஏடிஎக்ஸ் அளவா? காசு கட்டுவதற்கு முன் பக்கக் கதவைத் திறந்து காட்டுவீங்களா? பழுதானால் பெட்டி எங்கே போகணும், எத்தனை நாள்? மூன்றுக்கும் பதில் சொல்லாத கடையில் லைட் எத்தனை கலரில் எரிந்தாலும் வெளியே வந்துடுங்க.

வரும் சனிக்கிழமை விடியக்காலை பஸ்ஸில் நாலு பேர் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போகிறோம். கூடவே நல்ல யூபிஎஸ் ஒன்றும் வாங்கணும், அதற்கும் இந்தக் காசுக்குள் இடம் ஒதுக்கியாச்சு. அரோராக் கட்சித் தலைவர் இன்னும் சமாதானம் ஆகவில்லை. “அது எவ்வளவு வடிவான பெட்டி தெரியுமா” என்று இன்றைக்குக் காலையும் சொன்னார். அவருக்குத்தான் முதல் வேலை கொடுத்திருக்கிறோம். பெட்டி அறைக்கு வந்ததும் கேம் போடுவதற்கு முன்னால், அதன் கதவைத் திறந்து, பவர் சப்ளையைக் கழற்றித் திரும்ப மாட்டுவது எப்படி என்று முப்பது பேருக்கும் அவர்தான் காட்டணும்.